துக்கமான நாட்களில் சின்னச் சின்ன சந்தோஷங்கள்: உங்களுக்கு எது கைகொடுத்தது?

அம்மா போன பிறகு வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை, அந்த நிலைமை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மதியம் கொடியில் கிடந்த போர்வையை எடுக்கப் போனேன். நல்ல வெயிலில் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. தோளில் போட்டதும் அந்தச் சூடும் வாசனையும் முகத்தில் பட, அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "ஆஹா" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அடுத்த நொடி சுருக்கென்று குத்தியது, அம்மா இல்லாத வீட்டில் எனக்கு எப்படி "ஆஹா" வரலாம்? அந்தக் குத்தல் இன்னும் போகவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

---

நடந்திருக்கிறது. எனக்கு வேலை போன சமயம், வெந்நீர். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு பக்கெட்டில் காலை விட்டு, விரல் நுனி சுருங்கும்வரை உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் மட்டும் மறுநாளைப் பற்றிய பயம் இருக்காது. அவ்வளவுதான், ஆனால் அது பெரிய விஷயம்.

---

எனக்கு இதில் உடன்பாடு இல்லை, மன்னிக்கவும். அண்ணன் இறந்தபோது வந்தவர்கள் எல்லாம் "பாட்டுக் கேளு, கொஞ்சம் நடந்துட்டு வா" என்றே சொன்னார்கள். சரி என்று நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்ட பாட்டைப் போட்டேன். வெறும் சத்தமாக இருந்தது. குரல் கேட்கிறது, தாளம் கேட்கிறது, பாட்டு மட்டும் அதில் இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு இனி எதுவுமே ருசிக்காதோ என்று பயந்தேன். அழ வேண்டியதை அழுது தீர்க்காமல் போர்வை, வெந்நீர் என்பது தள்ளிப்போடுவது போலத்தான் எனக்குப் படுகிறது.

---

மேலே உள்ளவர் சொல்வது பாதி சரி. அழாமல் முடியாது. ஆனால் அழுகையும் இளைப்பாறலும் மாறி மாறி வருவதுதான் இயல்பு. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் இதைத்தான் எழுதினார்கள்: துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமுமாகப் போய்ப் போய் வருகிறார், அந்த ஊசலாட்டம் தேவையானது என்று. அதனால் போர்வைக்காரரே, அந்த "ஆஹா" துரோகம் இல்லை. வாசனை என்றால் கேட்கவே வேண்டாம், நினைவையும் உணர்ச்சியையும் கையாளும் மூளைப் பகுதிகளோடு மூக்குக்கு மிக நெருக்கமான இணைப்பு உண்டு. என் விவாகரத்து சமயத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது எழும் மண்வாசனைக்காகவே காலையில் எழுந்தேன், என் கதை அவ்வளவுதான். அப்புறம் ஒன்று, மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனச்சோர்வுக்கான சிகிச்சையிலேயே முதலில் செயல், உற்சாகம் பிறகு என்று ஒரு முறை இருக்கிறது. பிடித்த சின்ன வேலைகளைக் குறித்துவைத்து, நேரம் ஒதுக்கி, விருப்பம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். போனைத் தள்ளி வையுங்கள். வெளிச்சத்தில் கொஞ்சம் நில்லுங்கள். தூங்கும் நேரத்தை மாற்றாதீர்கள். எதிலுமே நாட்டம் இல்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுவதும் நீடித்தாலோ, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினாலோ, தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

---

நேரம் ஒதுக்கிச் செய்யச் சொன்னால் எனக்கு அதுவும் இன்னொரு கடமை ஆகிவிடும், சிலருக்குச் சரிப்படலாம். எனக்கு வந்தது தானாக வந்தது. கணவர் தீவிர சிகிச்சையில் இருந்தபோது மகளின் கலர் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தேன். ஒரு நீலப் பென்சில், தோல் அறுபடாமல் சுருள் சுருளாக நீண்டுகொண்டே வந்தது, ஓரத்தில் மெல்லிசாக நீலக் கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினேன். மகள் "இன்னொண்ணு அம்மா" என்று பச்சையை நீட்டினாள். டப்பா முழுக்கச் சீவினோம். அவர் பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த அரை மணி நேரத்தை நினைத்து நான் வருத்தப்பட்டதே இல்லை, அது தள்ளிப்போடுவது என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அண்ணனை இழந்தவரே, அந்தப் பாட்டை அப்புறம் கேட்டீர்களா?

---

கேட்டேன். ரொம்ப நாள் கழித்து, யாரோ போட்டது தற்செயலாகக் காதில் விழுந்து, முழுதாக நின்று கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். ஆனால் "பாட்டுப் போடு, மனசு லேசாகும்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.