பழைய கள்ளனிடம் வீட்டுப் பாதுகாப்புப் பாடம் கேட்கலாமா?

உப்புவெளி ரவி:
போன ஞாயிறு பின்னேரம் திருகோணமலையில் எங்கள் வாசிகசாலையில் ஒருவர் வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். முன்பு வீடு உடைத்தவர். இரண்டு தடவை மறியலுக்குப் போய் வந்து, இப்போது தச்சு வேலை செய்கிறார். அதை அவரே முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார். அடுத்ததாக லிங்கநகரிலும் கூப்பிடலாம் என்று சொன்னேன், வாட்ஸ்அப்பில் பெரிய சண்டை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கண்டது இது. ஒரு பழைய கதவை நிலையோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வெளிப்பக்கம் திறக்கும் கதவு. கொண்டியில் பெரிய ஆமைப்பூட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தார். பிறகு பிணைச்சலின் ஊசிக்குக் கீழே ஒரு ஸ்குரூட்ரைவரை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டு. ஊசி மேலே கிளம்பி வந்தது. மற்றதும் அப்படியே. பிணைச்சல் பக்கமாகக் கதவை இழுத்து எடுத்தபோது பூட்டு பூட்டியபடியே தொங்கியது. எங்கள் குசினிக் கதவும் இதே மாதிரிக் கதவுதான். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

அதற்கு அவர் காட்டிய வழி: கதவின் பிணைச்சல் பக்க விளிம்பில் தடித்த ஆணி ஒன்றை அரை அங்குலம் வெளியே நிற்க அடித்து, தலையை வெட்டிவிட வேண்டும். நிலையில் அதற்கு நேரே ஒரு துளை. கதவைச் சாத்தினால் ஆணி துளைக்குள் இறங்கிவிடும். ஊசியைக் கழற்றினாலும் கதவு வராது. இதை யார் எனக்கு இத்தனை வருடம் சொன்னார்கள்?

பாலையூற்று ரீச்சர்:
ரவித் தம்பி, அவருக்குப் பொன்னாடை போர்த்தினீர்களா இல்லையா? அதை எழுதவில்லையே.

2019இல் சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வந்தபோது, நிறைகுடம் வைத்துக்கொண்டு சந்தியில் நின்றோம். ஒன்றரை மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்து பார்த்தால், பின்பக்க லூவர் யன்னலின் கண்ணாடித் தட்டுகள் ஆறும் மல்லிகைப் பந்தலுக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. அப்பா கட்டிய தாலிக்கொடியை அவர் போன பிறகு அம்மா ஒரு பழைய சேலையில் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தார். அது போய்விட்டது. அம்மா சாகும்வரை இரவில் எழும்பிப் போய் அந்த யன்னலைத் தடவிப் பார்ப்பார்.

அந்தக் கண்ணாடியை அடுக்கியது பதற்றமில்லாத கை. அப்படியொரு கைக்கு நாங்கள் கைதட்டுவதா?

கடலூர் குமார்:
ரீச்சர், உங்கள் வேதனைக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்குள் வந்தவர் இவர் இல்லையே. பாம்பின் கால் பாம்பறியும். அமெரிக்காவில் கெவின் மிட்னிக் கணினிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்ததற்காக 1995இல் பிடிபட்டார். சிறை முடிந்து வந்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று நிறுவனங்களுக்கே சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஊர் மனிதன் அதைச் செய்தால் மட்டும் ஏன் கசக்கிறது?

லிங்கநகர் நிசா:
குமார் அண்ணா, அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. ஒரு நிறுவனம் இப்படி ஒருவரைக் கூப்பிட்டால், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கும். வாசிகசாலையில் யார் வாங்கினார்கள்?

எனக்கு அவரைப் பற்றிப் பயம் இல்லை. கூட்டத்தைப் பற்றித்தான் பயம். நானும் வந்திருந்தேன். ஒரு அம்மா எழும்பி, "மகன் கட்டாரில், நான் தனிய இருக்கிறேன், பின்கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை, என்ன செய்ய?" என்று கேட்டார். மண்டபத்தில் அறுபது பேர். வாசலில் நின்ற பெடியன்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் யாராவது அந்த அம்மாவை மறித்திருக்க வேண்டும்.

உப்புவெளி ரவி:
நிசா சொன்னது சரி. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பொன்னாடை போர்த்தினோம் ரீச்சர். மறைக்க நினைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டம் முடிந்து மூன்று நான்கு பேர் தங்கள் வீட்டை வந்து பார்க்கக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். "நாளைக்கு உங்கள் வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் பொலிஸ் முதலில் என் பிள்ளைகளைத்தான் எழுப்பும்" என்றார்.

ரொறன்ரோ மருமகன்:
இவ்வளவு பாடு எதற்கு? உவர்மலையில் மாமா மாமிக்கு நான்கு கமரா பூட்டிக் கொடுத்தேன். இங்கிருந்தே பார்க்கிறேன். ஆணி அடிக்கும் காலமா இது?

கடலூர் குமார்:
தம்பி, 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அப்போது என்ன பார்த்தீர்கள்? பதிவுப் பெட்டி எங்கே இருக்கிறது? ரீவிக்குக் கீழே என்றால் வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போவான், படம் முழுக்க அவனோடு. அதை வேறு அறையில் மறைத்து, மின்சாரம் போனாலும் ஓடும்படி ஒரு பற்றரி போடுங்கள். அப்புறம், மாமாவிடம் ஏணியை எங்கே சாத்தி வைத்திருக்கிறார் என்று கேளுங்கள்.

ரொறன்ரோ மருமகன்:
கேட்டேன். மாமரத்தில். பெட்டியும் ரீவிக்குக் கீழேதான். இரண்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பாலையூற்று ரீச்சர்:
பிடிக்காமல்தான் கேட்கிறேன். லூவர் தட்டுக்கு அவர் ஏதும் சொன்னாரா?

உப்புவெளி ரவி:
சொன்னார் ரீச்சர். தட்டைத் தாங்கும் கவ்வியின் நுனி வெறும் தகரம். வெளியே நின்று மடக்கினால் தட்டு உருவி வந்துவிடும். ஒவ்வொரு தட்டையும் கவ்வியோடு சேர்த்து சிலிக்கன் பசை வைத்து ஒட்டச் சொன்னார். ஆனால் அது நேரம் கடத்த மட்டும். உள்பக்கமாக இரும்பு கிறில் வைத்து, கம்பிகளைச் சுவருக்குள் இறக்கிச் சீமெந்து போட வேண்டுமாம். வெளியே தெரியும் திருகாணியில் கிறிலை நிறுத்தினால், கழற்றுகிறவனுக்கு நாங்களே வழிவிட்ட மாதிரி.

லிங்கநகர் நிசா:
அப்படியென்றால் எங்கள் பக்கம் இப்படி வைப்போம். கேள்விகளைப் பெயர் போடாமல் துண்டில் எழுதித் தர வேண்டும். கதவும் நிலையும் மேடையில் மட்டும், யார் வீட்டைப் பற்றியும் பேச்சில்லை. பொன்னாடையும் இல்லை.

பாலையூற்று ரீச்சர்:
கிறிலுக்கு நாளைக்கே எங்கள் மேசனிடம் சொல்கிறேன். கூட்டத்துக்கு நான் வரமாட்டேன். அந்த மனிதருக்கு முன்னால் கதிரையில் அமைதியாக இருக்க என்னால் ஏலாது. மகனை ஒரு கொப்பியோடு அனுப்புகிறேன்.