புதுப்பிப்பு: சரிந்த எல்லை வேலி நிமிர்ந்தது

முன்பு நான் கேட்டது இது: மாரியில் பக்கத்து வளவின் முட்கம்பி வேலி 50 அடி நீளத்துக்கு எங்கள் பக்கம் சரிந்து கிடக்கிறது, கை வைக்கலாமா?

கை வைக்கலாம், ஆனால் தூணைப் பிடுங்க முன் பழைய குழிகளைப் படம் எடுங்கள். இரண்டு வீட்டாரும் நிற்க, எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் நூல் கட்டுங்கள். இதை விட்டால் பிறகு ஒரு சாண் மண்ணுக்கும் சண்டைதான். இணங்காவிட்டால், சொந்த உறுதி உள்ள காணிக்கு மத்தியஸ்த சபைக்கும், அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த காணிக்குப் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்கும் போங்கள்.

காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. தூண்கள் மண்ணுக்குள் ஓரடிதான் இருந்தன. 7 அடித் தூணுக்கு 2 அடி ஆழம் வேண்டும், 8 அடிக்கு ஒரு தூண். மூலைத் தூணுக்கு முண்டு (சாய்வாகக் கொடுக்கும் முட்டுக்கட்டை) கட்டாயம். இல்லாவிட்டால் கம்பியை இழுக்க இழுக்க அதுவே உள்ளே சாயும். குழியை ஒரேயடியாக மூடாமல் அரையடி மண் போட்டு, அலவாங்கால் இடித்து, மறுபடி போடுங்கள். அலவாங்கில் இனந்தெரியாத இரும்பு தட்டினால் அங்கேயே நிறுத்திப் பொலிசுக்குச் சொல்லுங்கள். வன்னி மண்ணில் போர்க்கால வெடிபொருள் இன்னும் கிடக்கலாம்.

தூண்களுக்கு இடையில் கிளுவைக் கதியால் (நட்டால் துளிர்க்கும் தடி), ஒன்றரை அடிக்கு ஒன்று, தலைகீழாக நடாமல். கம்பியை அதில் சுற்ற வேண்டாம், மரம் பருக்கப் பட்டைக்குள் புதைந்துவிடும். கதியாலில் வளை ஆணியை முழுக்க அடிக்காமல் கம்பியைக் கொளுவினால் போதும்.

எங்கள் வேலியில் கம்பிச் செலவு இரு வீட்டாருக்கும் பாதிப் பாதி. கதியால் பக்கத்து வளவுக்காரருடையது.