மறு: லாக்கருக்குத் தமிழ்ச்சொல் - 'அரக்கு' வேண்டாமே

வணக்கம். பளபளப்புக்காகப் பூசும் லாக்கருக்கு (lacquer; நகை வைக்கும் லாக்கர் அல்ல) என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> லாக்கர் என்ற சொல்லே அரக்கிலிருந்துதானே வந்தது, 'அரக்குப்பூச்சு' என்றே வைத்துவிடலாம்.

வேர் சரிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் பட்டறைக்குப் போனால் இந்தச் சொல் காலை வாரிவிடும். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் ஒரு தேக்கு அலமாரி, அப்பா காலத்தில் பச்சை ஆயில் பெயிண்ட் அடித்தது, போன மாதம் பளபளப்பு வரட்டும் என்று அதன்மேல் நானே என்.சி. லாக்கரை (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர், தின்னர் என்ற கரைப்பானில் கரைத்தது) பூசித் தொலைத்தேன். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் ஆறின பால் ஆடைபோலச் சுருங்கித் தூக்கிக்கொண்டது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "தின்னர் பெயிண்ட்டைக் கிளப்பிடுச்சி சார், நடுவுல அரக்கு ரெண்டு கோட்டு குடுத்துட்டு மேல லாக்கர் போட்டிருக்கணும்" என்றார்.

இதை 'அரக்குப்பூச்சு' வைத்து எழுதிப் பாருங்கள்: "அரக்குப்பூச்சு பூசுமுன் அரக்கு பூசுக." யாருக்காவது விளங்குமா? நடுவில் வருவது பூச்சி தரும் அசல் அரக்கு, ஸ்பிரிட்டில் கரைவது. மேலே வருவது நைட்ரோசெல்லுலோஸ், தின்னரில் கரைவது. ஒன்றிடமிருந்து பெயிண்ட்டைக் காப்பதே மற்றொன்றின் வேலை, இரண்டுக்கும் ஒரே பெயரா?

என் பரிந்துரை 'கரைமெருகு'. வார்னிஷ் காற்றுப்பட்டு இறுகிவிட்டால் இறுகியதுதான், பழைய நிலைக்குத் திரும்பாது. லாக்கரில் தின்னர் ஆவியாகிறது, அவ்வளவுதான். வினைத்தொகையாக வைத்துப் பார்த்தால் டப்பாவில் இருக்கும்போது கரைந்த மெருகு, அடுத்த கோட்டு விழும்போது கரைகின்ற மெருகு (பழைய கோட்டும் இளகிப் புதியதோடு ஒன்றாகிவிடும்), காய்ந்து வருடக்கணக்கானாலும் தின்னர் பட்டால் கரையும் மெருகு. மூன்று காலமும் பொருந்துகிறது! பழைய மேசையில் இருப்பது லாக்கரா என்று பார்க்க, மறைவான மூலையில் தின்னர் தொட்ட பஞ்சை வைத்து ஒட்டுகிறதா என்றுதானே பார்க்கிறோம்.

'மரமெருகு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது நம் பக்கத்துக்கே ஒத்துவராது, ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் தோலுக்குக் கடைசிப் பூச்சாக அடிப்பதும் லாக்கர்தான்.

அப்புறம் இன்னொன்று. ஐப்பசி ஈரத்தில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் படர்கிறதே, எங்கள் ஆசாரி அதை "பூத்துப்போச்சு" என்கிறார். 'வெண்பூப்பு' என்று எழுதிப் பார்த்தேன், மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.