ஏஐ ஏஜென்டுக்குப் புரிகிற மாதிரி ஆவணம் எழுதுவது எப்படி?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். கமாண்ட் லைனில் ஓடும் சின்ன டாஸ்க் மேலாண்மைக் கருவி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். மனிதர்களுக்கான ரீட்மீ (பயன்படுத்தும் முறையை விளக்கும் கோப்பு) இருக்கிறது, யாரும் குறை சொன்னதில்லை. இப்போது கோடிங் ஏஜென்டையும் (தானே கட்டளைகளை ஓட்டி நிரல் வேலை செய்யும் ஏஐ) அந்தக் கருவியைப் பயன்படுத்த விட்டேன். வந்தது வினை.

ஒரு டாஸ்க்கை முடிந்ததாகக் குறிக்கச் சொன்னேன். என் கருவியில் அதற்கான கட்டளை 'க்ளோஸ்'. ஏஜென்ட் 'டன்' என்று அடித்தது, பிழை. 'கம்ப்ளீட்' என்று அடித்தது, அதுவும் பிழை. கடைசியில் டாஸ்க்கையே டெலீட் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று எனக்கே அறிக்கை கொடுத்தது! பாதித் தப்பு என்னுடையதுதான். 'தெரியாத கட்டளை' என்பதோடு என் பிழைச்செய்தி நின்றுவிடும். எதை அடிக்க வேண்டும் என்று சொல்லாது. அதைத் திருத்திவிட்டேன். வெளியீட்டை ஜேசனில் (நிரல்கள் எளிதில் படிக்கும் தரவு வடிவம்) தரும் வசதியும் சேர்த்தாயிற்று.

அப்புறம் ரெப்போவில் (நிரல் கோப்புகள் இருக்கும் களஞ்சியம்) ஏஜென்ட்ஸ்.எம்டி என்ற, ஏஜென்ட் படிப்பதற்கான குறிப்புக் கோப்பு வைத்தேன். எல்லாக் கட்டளைகளையும் அதில் கொட்டினால், வேலைக்குச் சம்பந்தமில்லாதவையும் கான்டெக்ஸ்டை (ஏஜென்ட் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கக்கூடிய உரையின் இடம்) அடைத்துக்கொள்கின்றன. சுருக்கினாலோ மறுபடி ஊகிக்க ஆரம்பிக்கிறது.

எதை அந்தக் கோப்பில் வைக்கிறீர்கள், எதை ஹெல்ப் கட்டளைக்கு விடுகிறீர்கள்? 'திறந்தது, நடக்கிறது, தடைபட்டது, முடிந்தது' என்ற நிலை மாற்றங்களை அட்டவணையாக எழுதுவதா, முழு உதாரணமாக ஓட்டிக் காட்டுவதா? 'டெலீட் செய்யாதே' என்று எழுதினால் போதுமா, கருவியிலேயே பூட்டு போட வேண்டுமா? எனக்கென்னவோ பூட்டுதான் சரி என்று படுகிறது. இதற்காக எம்சிபி சர்வர் (ஏஐ ஏஜென்டைக் கருவிகளோடு பொதுவான முறையில் இணைக்கும் நிரல்) எழுதியவர்கள் இருந்தால், அந்த உழைப்புக்குப் பலன் இருந்ததா என்றும் சொல்லுங்கள்.