லைவ் அண்ட் டேஞ்சரஸ்: 75 சதவீதம் யார் கணக்கு?

டப்ளின்தாசன்:
அயர்லாந்து ராக் குழு தின் லிஸ்ஸியைப் பற்றிப் போன வாரம் வேறொரு இழையில் ஆறுதந்தி எழுதியது இது: "தின் லிஸ்ஸியின் லைவ் அண்ட் டேஞ்சரஸ் லைவ் ஆல்பமே இல்லை. ஸ்டுடியோவில் வாசித்துக் கைதட்டலை ஒட்டியிருக்கிறார்கள்." படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

1976 நவம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன், 1977 அக்டோபரில் டொராண்டோவும் பிலடெல்பியாவும். இந்த மேடைகளில் பிடித்த நாடாக்களிலிருந்து வந்த ஆல்பம். 1978 ஜூனில் வெளியாகி பிரிட்டன் பட்டியலில் 2-ஆம் இடம் வரை போனது. இரட்டை இசைத்தட்டில் மூன்றாவது பக்கத்தைப் போட்டுக் கேளுங்கள். கௌபாய் சாங் என்ற பாட்டு முடிகிற இடத்தில் பாடகர் பில் லைனட் கடைசி வரியை இழுத்து நிறுத்துகிறார், கிட்டார் அப்படியே தொங்குகிறது, அது அடங்குவதற்குள் அடுத்த பாட்டு பாய்ஸ் ஆர் பேக் இன் டவுன் பாய்ந்து வருகிறது. கூட்டம் கத்துவது அந்தப் பாய்ச்சலுக்குத்தான். அதை ஒட்டுவேலை என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

ஆறுதந்தி:
சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். என் சொந்தச் சரக்கு இல்லை. ஆல்பத்தின் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியே சொன்னது: 75 சதவீதம் பாரிஸ் ஸ்டுடியோவில் மறுபடி வாசித்தது, டிரம்ஸும் கூட்டத்தின் சத்தமும்தான் அசல். பக்கத்திலேயே உட்கார்ந்து பதிவு செய்தவர் அவர். நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

டப்ளின்தாசன்:
குழுவின் மேலாளர் கிறிஸ் ஓடானல் இதற்கு நேர் எதிராகச் சொல்லியிருக்கிறார்: 75 சதவீதம் மேடையில் வாசித்தது, 25 சதவீதம்தான் சரிசெய்தது. அவரும் அங்கேதான் இருந்தார். கிட்டாரிஸ்ட் பிரையன் ராபர்ட்சனும் விஸ்கான்டியின் கணக்கை ஏற்கவே இல்லை. வாசித்தவன் சொல்வது உங்களுக்குப் பொருட்டில்லையா?

ஆறுதந்தி:
மேலாளர் வேலையே சரக்கை விற்பதுதான். 75.

ஒலிமேசை:
மேடை ஒலி அமைப்பதுதான் என் பிழைப்பு, அதனால் ஒரு வார்த்தை. விஸ்கான்டி சொல்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. டிரம்ஸ் அசல் என்கிறார். டிரம்ஸுக்கு மேலே தொங்கும் மைக்கில் டிரம்ஸ் மட்டும் விழாது, பக்கத்தில் அலறும் கிட்டார் ஆம்ப்பும் (ஒலிபெருக்கி) சேர்ந்தே விழும். லிஸ்ஸி சத்தமாக வாசிக்கிற குழு. ஸ்டுடியோவில் வேறு கிட்டாரை வாசித்து மேலே வைத்தால், சிம்பலுக்குப் பின்னால் பழைய கிட்டார் பேய் மாதிரி கேட்கும். ராபர்ட்சன் சொல்வதும் இதைத்தான். ஆனால் பேஸ் கிட்டாரும் பின்னணிக் குரல்களும் வேறு விஷயம். பேஸை ஆம்ப் இல்லாமல் நேராக வயர் வழியே எடுக்கலாம், குரலை மாற்றுவது அதைவிடச் சுலபம். அவற்றை மாற்றியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

டப்ளின்தாசன்:
கேட்டீர்களா ஆறுதந்தி? தொழில் தெரிந்தவர் சொல்கிறார்.

ஆறுதந்தி:
கேட்டேன். பேஸும் குரலும் மாற்றியிருக்கலாம் என்றும் அவரேதான் சொல்கிறார். அதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? பேஸ் வாசித்தவரும் பாடியவரும் லைனட். உங்கள் நாயகனே ஸ்டுடியோவில் இருந்தால் மேடையில் மிச்சம் யார்?

வைகைக்கரை:
முதலில் லைவ் என்று எதைச் சொல்கிறோம் என்று பேசிக்கொள்ளலாமே? ஒரு வரியைத் திருத்தினால் லைவ் இல்லையா, பாதியைத் திருத்தினால் இல்லையா?

ஆறுதந்தி:
லைவ் என்றால் டீப் பர்ப்பிள் குழுவின் மேட் இன் ஜப்பான். 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோ புடோகான் அரங்கு. ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் பதிவு செய்தார். ஸ்டுடியோவில் எதையும் சேர்க்கவில்லை என்று குழுவே சொல்லியிருக்கிறது. ஆம்பிளைகள் செய்த ஆல்பம்.

டப்ளின்தாசன்:
அந்த ஆல்பத்தின் நாலாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபது நிமிஷம். அதில் எத்தனை நிமிஷம் பாட்டு, எத்தனை நிமிஷம் ஆர்கனைப் போட்டு உலுக்குவது? கூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கத் தெரிந்தவன் லைனட்.

ஆர்கன்பித்தன்:
பர்ப்பிளின் ஆர்கன்காரர் ஜான் லார்டைப் பற்றிப் பேசும்போது பார்த்துப் பேசுங்கள். உலுக்குவதா? ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்பில் செருகி கிட்டாரோடு மல்லுக்கு நின்ற மனுஷன். அந்த ஆல்பத்து லிஸ்ஸியில் கீபோர்டே இல்லை, உங்களுக்கு எப்படித் தெரியும்?

டப்ளின்தாசன்:
கீபோர்டு தேவைப்படவில்லை. ராபர்ட்சனும் இன்னொரு கிட்டாரிஸ்ட் ஸ்காட் கோரமும் ஒரே மெட்டை இரண்டு சுருதியில் ஒட்டி வாசிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் எத்தனையோ ஹெவி மெட்டல் குழுக்கள் இரட்டைக் கிட்டார் எடுத்தன.

அப்புறம், ஆறுதந்தி. மூன்று வருஷத்துக்கு முன் இதே இடத்தில் உங்களுக்குப் பிடித்த பத்து லைவ் ஆல்பங்களைப் பட்டியல் போட்டீர்கள். ஜூடாஸ் பிரீஸ்ட்டின் 1979 அன்லீஷ்ட் இன் த ஈஸ்ட் நாலாவது இடம். அதில் பாடகர் ராப் ஹால்ஃபோர்ட் தன் குரலை ஸ்டுடியோவில் மறுபடி பாடினார் என்பது அவரே ஒப்புக்கொண்டது. அது லைவ், லைனட் பாடினால் மட்டும் ஒட்டுவேலை. இது என்ன நியாயம்?

ஆறுதந்தி:
அந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், நன்றி. என்னிடம் வாங்கிப் போன லைவ் அண்ட் டேஞ்சரஸ் இசைத்தட்டையும் அப்படிப் பத்திரமாக வைத்திருக்கலாம். நாலாவது பக்கத்தில் கீறலோடு திரும்பி வந்தது. ஊசி இன்னும் அங்கே துள்ளுகிறது.

டப்ளின்தாசன்:
கீறல் நீங்கள் கொடுக்கும்போதே இருந்தது. இதை எட்டாவது தடவையாகச் சொல்கிறேன்.

வைகைக்கரை:
யாரும் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. எனக்கு லினாட் குரல் பிடிக்கும், அவ்வளவுதான்.

டப்ளின்தாசன்:
லினாட் இல்லை, லைனட். டப்ளின் ஹாரி தெருவில் 2005-இல் வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள், பெயரையாவது சரியாகச் சொல்லுவோம். தாய் அயர்லாந்துக்காரர், தந்தை பிரிட்டிஷ் கயானாக்காரர். ஐம்பதுகளின் டப்ளினில் கறுப்புத் தோலோடு வளர்ந்த பையன். அவர் எமரால்டு பாட்டுக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்து, உங்களில் யாருக்கு அயர்லாந்து ரத்தம் ஓடுகிறது என்று கேட்கிறார். கூட்டம் எழுப்புகிற சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பேஸ் கிட்டாரில் கண்ணாடி பதித்திருப்பார். மேடை வெளிச்சத்தை அதில் வாங்கி, இருட்டில் நிற்பவன் முகத்தில் திருப்பி அடிப்பார். அந்த ஆள் முன்னால் நிற்கிறார் என்பதுதான் ஆல்பம் முழுக்கக் கேட்கிறது. எந்தப் பாரிஸ் ஸ்டுடியோவில் அதை வாசித்துச் சேர்ப்பீர்கள்?

ஆறுதந்தி:
பேச்சு அசல், கூட்டம் அசல், டிரம்ஸ் அசல். விஸ்கான்டியும் அதைத்தானே சொல்கிறார்? மீதி 75.

ஒலிமேசை:
2023-இல் இந்த ஆல்பத்துக்கு எட்டு சிடி பெட்டி வந்ததே, அந்த இசை நிகழ்ச்சிகள் முழுசாக அதில் இருக்கின்றன. பாட்டுக்குப் பாட்டு ஆல்பத்தோடு பக்கத்தில் வைத்துக் கேட்டால் எது மாறியது என்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டு பேரும் கேட்டுவிட்டு வந்து பேசலாமே.

ஆறுதந்தி:
அந்தப் பெட்டிக்குக் காசு கொடுக்க நான் தயாரில்லை. செய்தவரே சொன்னபின் நான் ஏன் ஆராய வேண்டும்?

டப்ளின்தாசன்:
நான் வாங்கிவிட்டேன், கேட்டும் விட்டேன். ஸ்டில் இன் லவ் வித் யூ பாட்டில் ராபர்ட்சன் தனியாக வாசிக்கிற சோலோவை மட்டும் ஒரே ராத்திரியில் பதினைந்து தடவை கேட்டேன். ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விட மனசில்லாமல் நிற்கிறார், பின்னால் டிரம்மர் டௌனி டிரம்ஸைத் தொட்டும் தொடாமலும் வாசிக்கிறார். அது மேடையில்தான் வரும். இந்த ஆல்பம் வந்த வருஷமே ராபர்ட்சன் குழுவைவிட்டுப் போனார், அவர் இடத்துக்குக் கிட்டாரிஸ்ட் கேரி மூர் வந்தார். அதற்கப்புறம் அந்தச் சத்தம் லிஸ்ஸிக்குத் திரும்பவே இல்லை.

ஆர்கன்பித்தன்:
கேரி மூரைக் குறைத்துப் பேசுகிறீர்களா இப்போது?

டப்ளின்தாசன்:
குறைக்கவில்லை. அவர் வேறு, இவர் வேறு.

ஆறுதந்தி:
பாரா பாராவாக எழுதுகிறீர்கள். அந்த எண்ணுக்கு மட்டும் பதில் வரவில்லை. 75.

டப்ளின்தாசன்:
ஓடானல் சொன்னதும் 75 தான். பெட்டியை மறுபடி எடுத்திருக்கிறேன். இன்று ராத்திரி மூன்றாவது பக்கத்தை நிமிஷம் நிமிஷமாகக் குறித்து இங்கேயே போடுகிறேன். கீறலைப் பற்றி மட்டும் இனிமேல் பேச வேண்டாம்.

ஆறுதந்தி:
நாலாவது பக்கம், சரியாக இரண்டாவது பாட்டில் துள்ளுகிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.