ஓவியத்தின் படம் சீரமைப்புக்கு முன்பு எடுத்ததா, பின்பா?

ஒரே ஓவியம் இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. எதை நம்பிக் குறிப்பெடுப்பது என்று தெரியாமல் மூன்று வாரமாக நிற்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டது டச்சு ஓவியர் வெர்மீரின் 'திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்'. பழைய புத்தகத்தில் அவள் பின்னால் வெறும் சுவர். புதிய கண்காட்சி நூலில் அதே சுவரில் பெரிய குபிட் (ரோமானியக் காதல் தெய்வம்)! அந்த மர்மம் விடுபட்டது: 1979இல் எக்ஸ்ரேயில் தெரிந்த குபிட்டை, ஜெர்மனியின் டிரெஸ்டனில், அதை மறைத்திருந்த மேல்பூச்சை நுண்கத்தியால் சுரண்டி எடுத்து 2021இல் முழுதாகக் காட்டினார்கள்.

இப்படி அடையாளம் எதுவும் இல்லாத ஓவியங்களில்தான் மாட்டிக்கொள்கிறேன். ஒரு நூலில் வானம் தேன் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது, இன்னொன்றில் பளிச்சென்ற நீலம். பழுப்பேறிய வார்னிஷை (ஓவியத்தின் மேல் பூசும் பாதுகாப்புப் பூச்சு) நீக்கியதா, அச்சுக் கோளாறா?

பட உரிமைப் பக்கத்தைப் பார்த்தேன், ஆண்டு இல்லை. பதிப்பு ஆண்டும் உதவவில்லை, புதிய நூலிலேயே பழைய படத்தைப் போடுகிறார்கள். சரி, அருங்காட்சியகத் தளங்களில் தேடலாம் என்றால், சிலவற்றில் மட்டுமே சீரமைப்புக் குறிப்பு இருக்கிறது. அப்புறம் மஞ்சள் படிந்திருக்கிறதா என்று பார்க்க, ஓவியத்தில் வெள்ளைத் துணி வரும் இடங்களை ஒப்பிட்டேன், அதிலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அச்சில் உள்ள படம் சீரமைப்புக்கு முன்பு எடுத்ததா, பின்பு எடுத்ததா என்று கண்டுபிடிக்க நீங்கள் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்?