ஒன்றரை மதிப்பெண்ணும் இனச்சுழற்சியும்: அரசுப் பணி இடஒதுக்கீடு நியாயமானதா?

கேள்வி – காவிரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வை மூன்றாம் முறையாக எழுதினேன். 200 வினாக்கள், 300 மதிப்பெண். பொதுப் பட்டியலில் கடைசியாக இடம்பெற்றவருக்கும் எனக்கும் இடையே இருந்தது ஒரே வினா, அதாவது ஒன்றரை மதிப்பெண். கிளை நூலகத்தில் என்னோடு ஒரே மேசையில் படித்த நண்பர் என்னைவிடக் குறைவாக எடுத்தும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இளநிலை உதவியாளராகிவிட்டார். அவருடைய தந்தை தலைமையாசிரியர். என் தந்தை கல்யாண வீடுகளில் சமையல் வேலை செய்பவர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாததால் வீட்டில் வருமானமும் இராது. முற்பட்ட வகுப்பில் பிறந்த எனக்கு 32 வயதோடு வாய்ப்பு முடிகிறது. நண்பருக்கு வேலை கிடைத்ததில் எனக்கு மனதார மகிழ்ச்சிதான். ஆனாலும் வறுமையைப் பார்க்காமல் சாதியைப் பார்ப்பது எப்படி நியாயமாகும் என்பதை அறிந்தவர்கள் பொறுமையாக விளக்க வேண்டுகிறேன்.

பதில் – நியமனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்

தம்பி, உங்கள் வருத்தத்தைச் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் முதலில் ஒரு கணக்கைச் சரிசெய்ய வேண்டும். மாநில அரசுப் பணிகளில் இடஒதுக்கீட்டுக்கு உரிய 69 விழுக்காடு போக எஞ்சும் 31 விழுக்காடு முற்பட்ட வகுப்பினருக்கு உரியது என்று பலரும் நினைக்கிறார்கள்; அது எவருக்கும் ஒதுக்கப்பட்டதன்று. நூறு இடங்கள் என்றால், சாதி பாராமல் மதிப்பெண் வரிசையில் முதல் 31 பேரை எடுத்த பிறகுதான் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 என நிரப்பத் தொடங்குவோம். அந்த 31 இடங்களில் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்புப் பிள்ளைகள் திறந்த போட்டியிலேயே வருவதை ஆண்டுதோறும் கோப்புகளில் பார்த்திருக்கிறேன். உங்களை ஒன்றரை மதிப்பெண்ணில் முந்தியவர் அவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம்.

வறுமையைப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் கேட்பதை இந்த மாநிலம் ஒருமுறை செய்தே பார்த்தது. 1979-இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. 1980 மக்களவைத் தேர்தலில் பெருந்தோல்வி வந்தது; ஆணை திரும்பப் பெறப்பட்டதோடு, பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31-இலிருந்து 50 ஆக உயர்ந்தது. மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை எதிர்த்த மண்டல் வழக்கில் 1992-இல் உச்சநீதிமன்றம் வசதி படைத்த பிரிவினரை விலக்கச் சொன்ன பின்னரும் மாநிலப் பணிகளில் அந்த வரம்பு இங்கு வரவில்லை. தலைமையாசிரியர் மகனும் கூலி நெசவாளர் மகனும் ஒரே பட்டியலில் நிற்பது எனக்கும் உடன்பாடில்லாத ஒன்றுதான். ஆனால் அந்த இடத்தில் அமர வேண்டியவர் அந்த நெசவாளர் மகன், நீங்கள் அல்லர். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

பதில் – மூன்று விழுக்காட்டில் வந்தவள்

அண்ணா, நான் பட்டியல் சாதிகளுள் ஒன்றான அருந்ததியர் வகுப்பைச் சேர்ந்தவள். அம்மா பேரூராட்சியில் தூய்மைப் பணியாளர். பத்தாம் வகுப்பில் சாதிச் சான்றிதழ் வாங்க அம்மாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் வந்தவர்களிடம் மனுவைக் கையில் வாங்கிய எழுத்தர், அம்மா நீட்டியபோது மட்டும் தலையைத் தூக்காமலே சன்னல் திண்டைக் காட்டி, அங்கே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். காற்றில் பறந்துவிடுமே என்று அம்மா தன் சாவிக் கொத்தை அதன்மேல் வைத்துவிட்டு வந்தார். சாவிக்காக மாலையில் மறுபடி போக வேண்டியிருந்தது. அன்று எங்கள் கையில் பணம் இருந்திருந்தாலும் அந்த மனு திண்டுக்குத்தான் போயிருக்கும். வருமானத்தை மட்டும் வைத்து அளந்தால் இது எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

பட்டியல் சாதிக்கென 18 விழுக்காடு இருந்த காலத்திலும் எங்கள் தெருவில் அரசு வேலை என்றால் துடைப்பம்தான். 2009-இல் அந்தப் 18-க்குள் அருந்ததியருக்கென 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்த பிறகுதான் மேசை வேலைக்கு ஆள் போனது. அதுவும் செல்லுமா என்ற வழக்கு நீண்டு, 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது அலுவலகத்திலேயே அழுதுவிட்டேன். இப்போது மனு வாங்கும் இருக்கையில் நான் இருக்கிறேன். யார் வந்தாலும் கையில்தான் வாங்குகிறேன்.

பதில் – மேட்டூர்வாசி

ஐயா சொன்ன கணக்கும் தங்கை சொன்ன செய்தியும் சரியே. ஆனால் ஒதுக்கீடு எந்தப் பணியிடங்களுக்கு என்பதையும் பார்க்க வேண்டும். ஓட்டுநர், அலுவலகக் காவலாளி, கணினி இயக்குபவர் என்று முன்பு நிரந்தரமாக இருந்த வேலைகள் பல, இன்று தனியார் ஒப்பந்தத்தில் விடப்படுகின்றன. அங்கே வகுப்புவாரியாக முறைவைத்து இடங்களை நிரப்பும் இனச்சுழற்சியும் இல்லை, தேர்வும் இல்லை. இவ்வாறு சுருங்கிய இடங்களுக்காகத்தான் நூலகத்தில் ஒரே மேசையில் படித்த இருவர் ஒருவரையொருவர் அளந்து பார்க்க நேர்கிறது.

கேள்வி கேட்டவர் – காவிரிக்கரையான்

மூவருக்கும் நன்றி. 31 விழுக்காடு எங்களுக்கானது என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது என் பிழை. தங்கை எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பந்தியில் தன் கையால் பரிமாறத் தன்னை விடுகிறார்கள், சிலரை இலை எடுக்க மட்டுமே விடுகிறார்கள், இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். ஆயினும் வசதி படைத்தவர்களுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்ற கருத்தை நான் விடவில்லை.

ஐயாவிடம் இன்னொரு கேள்வி: மத்திய அரசுப் பணிகளில் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காட்டில் விண்ணப்பிக்க, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்பதற்கான சான்றிதழைத் தாசில்தாரிடம் கேட்க வேண்டும். சமையல் கூலிக்கு எந்தத் தாளும் இல்லாத என் தந்தை வருமானத்தை எதைக் காட்டி நிறுவுவது?